பேட்டரி சேவர் போடமாட்டேன்

வேண்டாம் அக்கா. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அதை மட்டும் போடமாட்டேன். பதினான்கு சதவீதம்தான் இருக்கிறது, திருச்சி போய்ச் சேர்வதற்குள் போன் அணைந்துவிடும், எல்லாம் தெரியும். எக்ஸ்ட்ரீம் பேட்டரி சேவரைப் போட்டால் இதே பதினான்கை வைத்துக்கொண்டு நாளை வரைக்கும் ஓட்டலாம், அதுவும் தெரியும். அந்த மோடைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தப் போனைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது. ஒன்றரை வருடம் அதற்குள்ளேயே குடியிருந்தவள் நான். இன்று காலையில்தான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அதை அணைத்தேன். அணைத்ததை இந்தக் கையால் மறுபடி போடுவதாக இல்லை.

பவர் பேங்க் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? இல்லையா. பரவாயில்லை. இந்த ஜன்னலுக்குக் கீழே சார்ஜர் பாயிண்ட் ஒன்று வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அழகுக்கு. கண்டக்டரிடம் கேட்டேன். "அது வண்டி புதுசா வந்தப்பவே வேலை செய்யாதும்மா" என்றார், ஏதோ வண்டியின் பூர்வீகப் பெருமையைச் சொல்வதுபோல.

ஏன் போடமாட்டேன் என்று கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். இப்போதுதான் மேலூர் வருகிறது, நேரம் இருக்கிறது.

என் பெயர் பவதாரிணி. வீட்டில் பவா. ஊர் அருப்புக்கோட்டை, அப்பாவுக்குப் பெயிண்டுக் கடை. மதுரையில் யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் தங்கி எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன், இது கடைசி வருடம். இந்தப் படிப்புக்கு அப்பா சம்மதித்ததே பெரிய கதை. சம்மதித்தபோது ஒரு நிபந்தனை வைத்தார். போனில் ஒரு ஆப் போடவேண்டும். நான் எங்கே இருக்கிறேனோ அங்கே மேப்பில் ஒரு புள்ளி தெரியும். அதை வீட்டில் இருந்தபடி பார்ப்பார்கள். பாதுகாப்புக்காம்.

நான் விடுவேனா. பாதுகாப்பு என்றால் எனக்கு மட்டும் எதற்கு, ரோட்டில் போகிற லாரி ஆண்பிள்ளை என்றால் ஒதுங்கிப் போகுமா என்று கேட்டேன். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் என் பார்வைக்கும் வரவேண்டும், இல்லாவிட்டால் அது பாதுகாப்பு இல்லை, வேவு என்று சொன்னேன். ஒரு முழு சாயங்காலம் வாதாடினேன். கடைசியில் அண்ணன் போனிலும் அம்மா போனிலும் அதே ஆப் ஏறியது. அண்ணன் பெயர் செந்தில்வேல், அப்பாவோடு கடையைப் பார்த்துக்கொள்கிறான். அப்பா மட்டும் தப்பித்துவிட்டார். அவருடையது பட்டன் போன். அப்புறம் பார்த்தால் அப்பா பார்க்கவேண்டியதை எல்லாம் அம்மா போனில்தான் பார்த்தார். அம்மாவுக்கோ அது சீரியல் மாதிரி ஆகிவிட்டது. சமையல் ஆகும்போது ஒருதரம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஒருதரம், எடுத்துப் பார்ப்பாள். நம் ஆளுக்குப் பக்கத்தில் போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்பதும் அதில் தெரியும். அதையும் பார்ப்பாள்.

அதோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் பேச்சுப்போட்டிக்குப் போனேன். தலைப்பு, வீட்டில் முடிவெடுப்பது யார். வாதம் என்றால் உதாரணம் வேண்டும், வேண்டுமா வேண்டாமா? நான் சொன்னேன், என் அப்பா பெயிண்டுக் கடைக்காரர், ஊரில் யார் வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டுக் கேட்டுத்தான் நிறம் கலந்து கொடுப்பார், எங்கள் வீட்டுச் சுவருக்கு என்ன நிறம் என்று என் அம்மாவை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று. கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். முதல் பரிசு.

அதை யாரோ வீடியோ எடுத்து, அது சொந்தக்காரர்கள் குரூப் ஒன்றுவிடாமல் சுற்றி, அருப்புக்கோட்டைக்கே போய்விட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம், என்ன அண்ணாச்சி, இந்தக் கலரை வீட்டில் கேட்டுட்டீங்களா என்று அப்பாவைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா கொஞ்ச நாள் கல்லாவில் உட்காராமல் குடோனுக்குள்ளேயே இருந்தாராம். அம்மாகூட, அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லையடி என்றுதான் சொன்னாள். அவளுக்காகத்தானே பேசினேன், அவளுக்கே புரியவில்லை. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யா? பொய் இல்லை என்று அப்பாவே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டுதான் தடை போட்டார். இனி மேடை ஏறக்கூடாது. ஹாஸ்டல், வகுப்பு, லைப்ரரி, இவ்வளவுதான். "புள்ளி வேற எங்கயாவது போச்சுன்னு தெரிஞ்சா அன்னைக்கே பெட்டியோட கூட்டிட்டு வந்துருவேன்" என்றார். அப்பா சொன்னால் செய்வார். என் சித்தப்பா மகளை அப்படித்தான் நர்ஸிங் படிப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது சொல்லுங்கள். நான் என்ன செய்யவேண்டும்? பேசாமல் இருக்க வேண்டுமா? என்னால் சாப்பிடாமல் இருக்க முடியும், பேசாமல் இருக்க முடியாது.

என் ரூம்மேட் ஜெனிபாதான் வழி சொல்லிக்கொடுத்தாள். தூத்துக்குடிக்காரி, கெட்டிக்காரி. லைப்ரரி படியில் போய் நின்று ஆப்பைத் திறந்துகொள்ளவேண்டும். புள்ளி வந்து கட்டடத்தின் மேல் நன்றாக உட்காரும். உட்கார்ந்த உடனே எக்ஸ்ட்ரீம் பேட்டரி சேவரைப் போடவேண்டும். திரை கறுப்பாகிவிடும், நாலைந்து படம்தான் மிஞ்சும், போன் பேசலாம், வந்த போனை எடுக்கலாம், வேறு ஒன்றும் ஓடாது. லொக்கேஷன் ஓடாது. ஆனால் வீட்டில் பார்க்கிறவர்களுக்குப் புள்ளி கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். மாட்டைக் கட்டிவிட்டுப் போவதுபோலக் கட்டிவிட்டுப் போகலாம். ஹாஸ்டலில் அதற்குப் பெயரே புள்ளியைக் கட்டிப்போடுவதுதான். சாயங்காலம் பார்த்தீர்கள் என்றால் லைப்ரரி படியில் கோயில் வாசல் மாதிரி கூட்டம் இருக்கும். எல்லாரும் குனிந்து போனை அழுத்துவார்கள், எல்லாரும் திரும்பிப் போவார்கள். மேப்பில் பார்த்தால் ஹாஸ்டலே லைப்ரரிக்குள் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ரிசர்ச் பண்ணுகிற அண்ணன் ஒருவர் பேப்பர் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்.

இது ஏமாற்று இல்லையா என்று கேட்காதீர்கள். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. சொன்னது போன். என்னை நம்பாமல் போனை நம்பினார்கள், போன் அவர்களுக்கு ஏற்ற பதிலைச் சொன்னது. இதில் நான் எங்கே வருகிறேன்?

நான் எங்கே போனேன் என்று கேளுங்கள். சினிமாவுக்கா, பார்க்குக்கா? யுனிவர்சிட்டி கேட்டுக்கு வெளியே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, அதன் மாடியில்தான் எங்கள் விவாதக் குழு பயிற்சி பண்ணும். மூன்று பேர். கீழே மெஷின் தட்டுகிற சத்தத்தை மீறிப் பேசிப் பழகினால் எந்த ஹாலிலும் மைக் வேண்டாம். அங்கேதான் என் புள்ளி இல்லாத நான் இருந்தேன், எல்லா சாயங்காலமும்.

இதில் ஒரு கூத்து நடந்தது. மோடைப் போட்டால் புள்ளி மட்டுமா நிற்கும், சார்ஜ் காட்டுகிற எண்ணும் நின்றுவிடும். ஐந்து மணிக்கு அறுபத்திரண்டு என்றால் ஒன்பது மணி வரை அறுபத்திரண்டுதான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பார்த்துவிட்டு என்ன நினைத்தாள் தெரியுமா? மகள் லைப்ரரியில் உட்கார்ந்தால் போனைத் தொடுவதே இல்லை, அதனால்தான் சார்ஜ் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்று. தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். பால் ஊற்றுகிறவரிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். பவாவைப் பார், போனைத் தொடாமல் படிக்கிறாள் என்று எங்கள் சொந்தத்தில் வயசுப் பெண்கள் எல்லாரும் திட்டு வாங்கினார்கள். அதில் ஒருத்தி எனக்கு போன் போட்டு, நீ நல்லா இருப்பியா என்று கேட்டாள்.

பொங்கல் லீவுக்கு வீட்டுக்குப் போனேன். சாப்பிடும்போது அம்மா அப்பாவுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே இந்தப் பெருமையை மறுபடி ஆரம்பித்தாள். அப்பா முகம்கூடக் கொஞ்சம் இளகியிருந்தது. அண்ணன் மட்டும் தட்டைப் பார்த்துச் சிரித்தான். சாப்பிட்டு எழுந்ததும் மொட்டை மாடிக்கு வரச் சொன்னான்.

"எங்கடி போற சாயங்காலம்?" என்றான்.

லைப்ரரிக்கு என்றேன்.

"நாலு மணி நேரம் சார்ஜ் நிக்காது பவா. சும்மா கையில வச்சிருந்தாலே குறையும். அது எக்ஸ்ட்ரீம்ல போட்டாத்தான் அப்படி நிக்கும்."

மாட்டிக்கொண்டேன்தான். ஆனால் நான் பேச்சுக்காரி அக்கா. எதிராளி பேசும்போது அவன் என்ன சொல்கிறான் என்று மட்டும் கேட்கமாட்டேன், அது அவனுக்கு எப்படித் தெரியும் என்று பார்ப்பேன். பெயிண்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த மோடில் எண் நிற்கும் என்பது எப்படித் தெரியும்? கேட்டேன். அவன் கொடியில் காய்கிற துணியை எடுக்க ஆரம்பித்தான். நேராகக் கீழே இறங்கி வந்து, அம்மா, சாயங்காலம் அண்ணன் போனில் சார்ஜ் குறையுமா என்று கேட்டேன்.

"எங்கடி குறையுது," என்றாள் அம்மா. "ராத்திரி வர்ற வரைக்கும் அப்படியேதான் நிக்கும். பாவம், அவனும் போனைத் தொட நேரமில்லாம கடையில உழைக்கிறான்."

எப்படி இருக்கும் எனக்கு? திரும்பிப் பார்த்தால் அவன் படிக்கட்டில் நின்று கையெடுத்துக் கும்பிடுகிறான். விஷயம் என்னவென்றால், முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு அவன் வாலிபால் ஆடக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவன் அம்மா பார்ப்பதற்காகப் புள்ளியைக் கடையில் கட்டிப்போட்டுவிட்டு, கடையில் இருக்கிற அப்பாவிடம் பாக்கி கலெக்ஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பாளையம்பட்டியில் லைட் போட்டு ஆடிக்கொண்டிருக்கிறான். முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு. எத்தனை நெஞ்சழுத்தம் பாருங்கள். பெற்றவர்களை இப்படியா ஏமாற்றுவது? அம்மா கண்ணில் எண்ணெய் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளிடம் போய் இப்படி ஒரு நாடகம். என்னுடையதுகூட ஒரு கொள்கைக்காக. அவனுடையது வெறும் பந்துக்காக.

நான் அதை அவனிடமே சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, நீயும் சொல்லாதே, நானும் சொல்லவில்லை என்றான். எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் எனக்குப் படிப்பு இருக்கிறது, போட்டி இருக்கிறது. சரி என்றேன். அன்றைக்கு அம்மா எங்கள் இருவர் போனையும் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தாள். இரண்டும் நூறு ஆனதைப் பார்த்தால் அவளுக்குத் தூக்கம் வருமாம்.

போன வாரம் முடிவு வந்தது. மாநில அளவிலான இறுதிச்சுற்றுக்கு எங்கள் குழு தேர்வாகிவிட்டது. இன்றைக்கு, திருச்சியில். மற்ற இரண்டு பேரும் நேற்றே போய்விட்டார்கள், எனக்கு ஹாஸ்டலில் பகலுக்கு மட்டும்தான் அனுமதி. தலைப்பு, நகரத்துக்கு உடனடித் தேவை மேம்பாலமா நடைபாதையா. நான் நடைபாதை. மேம்பாலக்காரர்கள் இன்று நடந்துதான் வீட்டுக்குப் போவார்கள், அது வேறு விஷயம்.

காலையில் ஜெனிபா லைப்ரரி படி வரைக்கும் வந்தாள். வழக்கம்போல ஆப்பைத் திறந்தேன், புள்ளி உட்கார்ந்தது, மோடைப் போட்டேன், ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி வந்தேன். போனில் சார்ஜ் அப்போதே முப்பதுதான். ராத்திரி பேச்சைப் பதிவு பண்ணிப் பதிவு பண்ணிக் கேட்டதில் போய்விட்டது. மோடில்தானே இருக்கப்போகிறது, போதும் என்று நினைத்துவிட்டேன். திருச்சி பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து நிற்கிறேன், அம்மா போன் பண்ணினாள்.

லைப்ரரி திறந்ததும் போய்விட்டாயா, டிபன் சாப்பிட்டாயா, ஏ.சி. குளிரும், துப்பட்டாவைப் போர்த்திக்கொள் என்றாள். சரி சரி என்றேன். எனக்குப் பக்கத்தில் ஒரு கண்டக்டர், திருச்சி திருச்சி திருச்சி என்று தொண்டை கிழியக் கத்துகிறார். அந்தப் பக்கம் ஒருத்தர் முறுக்கு விற்கிறார். என்னடி சத்தம் என்றாள் அம்மா. லைப்ரரிக்கு வெளியே ரோடு போடுகிறார்கள் என்றேன்.

நம்பிவிட்டாள் அக்கா.

அது எப்படி நம்ப முடியும்? திருச்சி திருச்சி என்று கத்திக்கொண்டா ரோடு போடுவார்கள்? ஒரு கேள்வி கேட்கவேண்டாமா? "ஐயோ, தூசியா இருக்கும், ஜன்னலைச் சாத்திக்கோ" என்றாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. இவ்வளவு நேரமும் பயந்தது இதற்கா? எதிராளி என்று ஒருத்தர் இருந்தால் கொஞ்சமாவது எதிர்க்கவேண்டும். இப்படிச் சாய்ந்துகொடுத்தால் நான் யாரோடு வாதாடுவது?

போனைக் காதிலிருந்து எடுத்தேன். அந்தக் கறுப்புத் திரையில் கீழே வெளியேறு என்று இருக்கும். அழுத்தினேன். உறுதிதானா என்று கேட்டது. உறுதிதான் என்று அழுத்தினேன். ஒரு நொடி எல்லாம் இருண்டது, அப்புறம் ஒவ்வொன்றாகக் கலர் வந்தது. அம்மா லைனில்தான் இருந்தாள்.

"அம்மா, நான் லைப்ரரியில இல்ல. மாட்டுத்தாவணியில நிக்கிறேன். திருச்சிக்குப் பேசப் போறேன், மேடையில. வேணும்னா உன் போன்ல பாரு, இப்ப புள்ளி நகரும். இத்தனை நாளும் அது நகராம இருந்துச்சுல்ல, நான் படிச்சதால இல்ல. நான் கட்டிப்போட்டதால."

ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மௌனம் ஆகாது. மௌனம் என்றால் எதிராளிக்கு இன்னும் விளங்கவில்லை என்றுதான் எனக்குப் படும். அதனால் விளக்கினேன். எண் எப்படி நிற்கும், ஏன் நிற்கும், நின்றால் என்ன அர்த்தம் என்று. விளங்குவதற்காக ஒரு உதாரணமும் சொன்னேன். கடையில் நிற்கிற அண்ணன் புள்ளி ஏன் சாயங்காலம் முழுக்க ஒரே எண்ணில் நிற்கிறது என்று அவனையும் கேள் என்றேன். சொல்லத்தானே வேண்டும்? உதாரணம் இல்லாமல் எப்படி விளங்கும்?

அம்மா போனை வைத்துவிட்டாள். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீங்கள் இந்த சீட்டைக் காட்டினீர்கள்.

டிக்கெட் எடுக்கிறபோது எனக்கு ஒரு போன் வந்ததே, நீங்கள் கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அது அண்ணன்தான். என்னை எதுக்குடி இழுத்தாய் என்று ஆரம்பித்தான். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளாம். அப்பா சரக்கு இறக்கப் போயிருக்கிறார், இன்னும் தெரியாதாம். அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா? "இப்பவே அந்த மோடைத் திரும்பப் போட்டுடு பவா. ரோட்டுல புள்ளி நின்னா நெட்வொர்க் இல்லன்னு நான் அப்பாகிட்ட சொல்லிக்கிறேன். நீ பேசிட்டு வா. அம்மாவை நான் பாத்துக்கிறேன்" என்கிறான்.

எனக்காகப் பொய் சொல்கிறானாம். இவனை யார் கேட்டார்கள்? அவனைக் காட்டிக்கொடுத்தவளையே அவன் தாங்குகிறானாம், பெருந்தன்மை. எனக்குப் புள்ளியைக் கட்டவும் வேண்டாம், அவிழ்க்கவும் வேண்டாம், நான் போகிறேன், புள்ளி என் கூட வருகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்றேன். நான் பேசிக்கொண்டே இருந்ததில்தான் முப்பதில் பதினாறு சதவீதம் போனது.

இப்போது புரிகிறதா, நீங்கள் சேவரைப் போடச் சொன்னபோது நான் ஏன் அப்படிப் பாய்ந்தேன் என்று? நான் இதைப் பதினான்கில் போட்டால் அம்மா போனில் பதினான்கிலேயே நிற்கும். இன்றைக்கு அவளுக்கு அர்த்தம் தெரியும். பதினான்கில் நின்றால் நான் மறுபடி கட்டிப்போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். அப்பாவும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார், வண்டி பிடித்து ஹாஸ்டலுக்கு வந்து பெட்டியைக் கட்டிவிடுவார். மூன்று மாதத்தில் பட்டம் வாங்கவேண்டியவள் நான். ஆனால் பதிமூன்று, பன்னிரண்டு, பதினொன்று என்று இறங்கி ஒன்றில் வந்து நின்றால், அது உண்மையாகச் செத்தது. அதற்கு மேல் எந்தக் கோர்ட்டிலும் சாட்சி வேண்டாம். அதனால் குறையட்டும். நன்றாகக் குறையட்டும். வெளிச்சத்தைக்கூட முழுசாக வைத்திருக்கிறேன் பாருங்கள்.

கொட்டாம்பட்டி வந்துவிட்டது. ஒன்பது.

அம்மா பார்ப்பாளா என்று கேட்கிறீர்கள். பார்ப்பாள். பார்க்காமல் இருக்க அவளால் முடியாது. கோபத்தில் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தாலும் எடுத்துப் பார்ப்பாள். பார்க்கிறாளே என்றுதானே இத்தனை சண்டையும்.

நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறீர்கள்? நான் சொன்னதில் எங்கேயாவது ஓட்டை இருந்தால் சொல்லுங்கள். என்ன, அண்ணனா? அண்ணனுக்கு என்ன? அவன் ஆம்பளைப் பிள்ளை, அவனை யாரும் கடையிலிருந்து பெட்டியோடு கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். இரண்டு நாள் முறைப்பார்கள், மூன்றாம் நாள் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுவார்கள். அதுதான் என் வாதமே. நீங்கள் எனக்காகத்தான் பேசுகிறீர்கள், உங்களுக்கே தெரியவில்லை.

துவரங்குறிச்சி. இரண்டு. இப்போது பாருங்கள், ஒன்று.

போய்விட்டது.

பார்த்தீர்களா, எவ்வளவு நேர்மையாகச் செத்தது. ஒரு பக்கம் நிம்மதியாகத்தான் இருக்கிறது. இதற்கு மேல் அவர்கள் நம்பினால் நம்பட்டும், நம்பாவிட்டால் போகட்டும். எனக்கு என்ன.

அந்தப் பக்கம் மலை தெரிகிறதே, அது விராலிமலையா? இல்லையா, இன்னும் தூரமா.

ஒன்று வரைக்கும் பார்த்திருப்பாளா? நடுவில் பால் பொங்கியது என்று எழுந்து போயிருந்தால்? ஐந்தில் பார்த்துவிட்டு எழுந்து போயிருந்தால், திரும்பி வந்து பார்க்கிறபோது ஒன்று என்றுதானே இருக்கும். இருக்கும். இருக்கவேண்டும். அப்பா சரக்கு இறக்கிவிட்டு வந்திருப்பார்.

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் போனைக் கொஞ்சம் தருகிறீர்களா? ஒரே ஒரு நிமிடம். நம்பர் மனப்பாடமாகத் தெரியும்.

"அம்மா, பவாதான். இது பக்கத்து சீட்டு அக்கா நம்பர். என் போன் செத்துப்போச்சு, நானா ஒண்ணும் பண்ணல... ம். ம். சாப்பிட்டேன். இல்ல, சாப்பிட்டேன்னு சொல்றேன்ல... யாரு? எதுக்கு?... சரி, வைக்கிறேன்."

வைத்துவிட்டேன். நன்றி அக்கா.

பார்த்தாளாம். முப்பதிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம். ஒன்று வந்து நின்றதும், சார்ஜ் தீர்ந்துபோச்சு, வேற ஒண்ணும் இல்லை என்று அப்பாவிடம் அவளே சொன்னாளாம். அப்பா அந்தப் போனை வாங்கி வைத்துக்கொண்டு, நின்ற புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். வண்டி பிடிக்கவில்லை. கடைக்கும் போகவில்லை. பக்கத்தில் இருந்துகொண்டு, அவ எத்தனை மணிக்குப் பேசுறாளாம், கேள் என்றாராம்.

கேட்டீர்களா? இன்னும் விசாரணை முடியவில்லை. எத்தனை மணிக்குப் பேசினால் அவருக்கு என்ன? அதனால்தான் எதுக்கு என்று கேட்டேன். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு நேராகக் கேட்க வாய் இல்லையா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். எதற்கு என்று சொன்னால் நானும் சிரிப்பேன்.

அந்தப் போனை இன்னொரு தடவை கொடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் இரண்டாவது ஆள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். எந்த ஹால் என்றும் சொல்லிவிடலாம். அவர் கேட்டதற்காக இல்லை அக்கா, அதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். நானாகச் சொல்கிறேன். அது வேறு, இது வேறு.